கண்ணும் கஜக்கோலும்

2021-ம் வருஷம் மே மாதத்தில், அமெரிக்காவில் தென் கரோலினா மாகாணத்தைச் சேர்ந்த கியாவா என்னும் தீவில் ஒரு கோல்ஃப் பந்தயம் நடந்தது. அட்லாண்டிக் சமுத்திரத்தின் காற்று ஓயாமல் அடிக்கும் கரையோர மைதானம். உலகத்தின் பெயர்பெற்ற ஆட்டக்காரர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். அவர்களில் ஐம்பது வயது நிரம்பிய பில் மிக்கெல்ஸன் என்பவர், தமக்கு மகன் முறையாகக்கூடிய வாலிபர்களையெல்லாம் பின்னே தள்ளிவிட்டு ஜயித்தார். பெரிய பந்தயம் ஒன்றில் அவ்வளவு வயதானவர் ஜயித்தது அதுவே முதல் தடவை. அதற்கு முன்னால் 1968-ல் ஜூலியஸ் போரோஸ் என்பவர் 48-வது வயதில் இதே பந்தயத்தில் ஜயித்ததுதான் அதிசயமாகச் சொல்லப்பட்டு வந்தது.

அந்த ஆரவாரத்தில் இன்னொரு 'முதல் தடவை' பலருடைய கவனத்துக்குத் தப்பிவிட்டது. அந்த நாலு நாளும் ஆட்டக்காரர்களும் அவர்களுடைய உதவியாட்களும் கைக்கு அடக்கமான ஒரு கருவியைக் கண்ணில் வைத்துக்கொண்டு, தொலைவில் நட்டிருந்த கொடியைப் பார்த்தார்கள். பார்த்த மாத்திரத்தில் கொடி இத்தனை கஜ தூரத்தில் இருக்கிறது என்று கருவிக்குள்ளேயே எண் விழும். ஆண்களின் பெரிய பந்தயங்களில் இதை அனுமதித்தது அதற்கு முன் கிடையாது. 2015-ம் வருஷம் வரையில், தடை உள்ள ஒரு பந்தயத்தின் நடுவே ஒருவர் அந்தக் கருவியைக் கண்ணில் வைத்திருந்தால் அவருடைய கதி என்ன தெரியுமா? பந்தயத்திலிருந்தே விலக்கி, பெட்டி படுக்கையைக் கட்டச் சொல்லியிருப்பார்கள்.

நேற்றுக் குற்றம், இன்று அனுமதி. அப்படியானால் நேற்று அதைக் குற்றம் என்றவர்கள் எதைக் காப்பாற்ற நினைத்தார்கள்? இன்று அனுமதித்தவர்கள் எதை விட்டுக்கொடுத்தார்கள்?

கோல்ஃப் என்றதுமே வாசகர்களில் சிலர் பக்கத்தைத் திருப்ப ஆயத்தமாகலாம். பொழுது போகாத பணக்காரர்களின் ஆட்டம், அதைப்பற்றி நமக்கென்ன என்று தோன்றுவது நியாயமே. சற்றுப் பொறுக்க வேண்டும். அளவுகோல் வந்ததும் மனிதனுடைய கண்ணுக்கு என்ன ஆகிறது என்பதே இந்தக் கதை. தராசும் மீட்டரும் புகுந்த ஒவ்வொரு வீட்டிலும் நடந்த கதைதான். கோல்ஃப் மைதானத்தில் அது தேதியோடும் பெயரோடும் நடந்திருக்கிறது.

ஆட்டம் மிகவும் சுலபமானது; அதாவது, சொல்வதற்கு. சிறு பந்து ஒன்று. அதை அடிக்கக் கோல். அது போய் விழவேண்டிய குழி. குழியின் குறுக்களவு நாலேகால் அங்குலம் என்று 1891-ல் தீர்மானம் செய்தார்கள். இப்படிப் பதினெட்டுக் குழிகள். எல்லாவற்றையும் யார் குறைந்த அடிகளில் முடிக்கிறாரோ அவர் ஜயித்தவர். குழி சிலசமயம் 150 கஜத்தில் இருக்கும். சிலசமயம் 500 கஜத்துக்கு அப்பால் இருக்கும். ஓர் ஆட்டக்காரர் பதினாலு கோல்கள் வரை கொண்டு போகலாம். ஒவ்வொரு கோலும் பந்தை ஒரு குறிப்பிட்ட தூரத்துக்கு அனுப்பும்; ஒன்றுக்கும் அடுத்ததற்கும் பத்துப் பதினைந்து கஜம் வித்தியாசம். ஆகவே பந்தின் முன்னால் போய் நிற்பவர் முதலில் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்றேதான்: 'இங்கிருந்து அங்கே எவ்வளவு தூரம்?' பதில் பத்துக் கஜம் தவறினால் பந்து மணற்குழியிலோ குளத்திலோ விழும்.

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதற்கென்றே ஒரு மனிதர் கூட வருவார். கோல்கள் அடங்கிய பையைத் தோளில் சுமந்துகொண்டு வரும் அவரை ஆங்கிலத்தில் அழைக்கும் பெயரைத் தமிழில் எழுதுவதில் ஒரு சங்கடம் இருக்கிறது. 'கேடி' என்று எழுதினால் போலீஸ் ஸ்டேஷன் புத்தகத்தில் பெயர் பதிவான ஆசாமி என்று ஆகிவிடும். 'காடி' என்று எழுதினால் ஊறுகாய் ஞாபகம் வரும். இரண்டு பொல்லாங்குகளில் ஊறுகாயே தேவலை. தவிரவும், 'காடி'க்கு நடுவே ஒரு மெய்யெழுத்தைச் சேர்த்தால் 'காட்டி' ஆகிவிடுகிறது. தூரம் காட்டி, வழி காட்டி வந்த மனிதருக்கு அது பொருத்தமாகவே இருக்கிறது.

*

இந்த ஆட்டத்துக்கு முதன்முதலாக விதிகளை எழுதி வைத்தது 1744-ல். ஸ்காட்லாந்தில் எடின்பரோவுக்கு அருகிலுள்ள லீத் என்ற ஊரில் கனவான்கள் சிலர் கூடிப் பதின்மூன்று விதிகளை எழுதினார்கள். அவற்றில் முதலாவது, ஒரு குழியை முடித்தபின் அடுத்த ஆட்டத்துக்குப் பந்தை எங்கே வைக்கவேண்டும் என்பது. குழியிலிருந்து ஒரு கோல் நீளத்துக்குள் வைக்கவேண்டும். கஜக் கணக்கோ அடிக் கணக்கோ இல்லை. கையில் இருக்கும் கோலே அளவுகோல். நம் நாட்டில் நிலத்தைக் கோலால் அளந்தவர்களுக்கு இது வேடிக்கையாகத் தோன்றாது.

ஸ்காட்லாந்தின் பழைய காடிகளும் தூரத்தை எண்ணாகச் சொல்லவில்லை, கோலாகச் சொன்னார்கள். அந்தக் காலத்துக் கோல்களுக்கு நம்பர் கிடையாது. மாஷி, நிப்ளிக், கிளீக், ஸ்பூன் என்று செல்லப் பெயர்கள் உண்டு. காடி பந்தைப் பார்ப்பார், கொடியைப் பார்ப்பார், காற்று எந்தப் பக்கம் என்று முகத்தைத் திருப்பிப் பார்ப்பார், பையிலிருந்து ஒரு கோலை உருவி நீட்டுவார். தூரம், காற்று, தரையின் ஈரம், அன்றைக்கு எஜமானருடைய தோள்வலி எல்லாம் அந்தக் கோலுக்குள் அடங்கியிருக்கும். எஜமானர் மறுத்து வேறு கோலை எடுத்தால் பெரும்பாலும் பின்னால் வருத்தப்படுவார்.

இந்தக் கண்ணை ஏமாற்றுவதற்கென்றே மைதானங்களை அமைத்தவர்களும் உண்டு. அவர்களில் பெரியவர் அலிஸ்டர் மக்கென்ஸி. தொழிலால் வைத்தியர். தென் ஆப்பிரிக்காவில் போயர் யுத்தம் நடந்தபோது அங்கே பணிபுரிந்தார். போயர் வீரர்கள் மண்ணோடு மண்ணாகத் தங்களை மறைத்துக்கொண்டு, பெரிய சைனியத்தைத் திணற அடித்ததைக் கண்டார். மறைந்து நிற்கும் அந்த வித்தை அவருடைய மனத்தில் பதிந்துவிட்டது. பிற்பாடு வைத்தியத்தை விட்டுவிட்டு மைதானங்கள் அமைக்கத் தொடங்கியபோது, போர்க்களத்துப் பாடத்தைப் புல்தரைக்குக் கொண்டுவந்தார். மணற்குழிகளைச் சுற்றியுள்ள மேடு பள்ளங்களோடு ஒட்டி, இயற்கையாகவே தோன்றும்படி அமைத்தார்.

இத்தகைய நிபுணர்கள் கையாளும் தந்திரம் ஒன்றைச் சொல்கிறேன். குழி இருக்கும் இடத்தைச் சுற்றிப் புல்லை ஒட்ட வெட்டிய திடலுக்குக் 'கிரீன்' என்று பெயர். அதற்கு முன்னால் ஒரு பள்ளம். பள்ளத்தை மறைத்து ஒரு சிறு மேடு. தூரத்திலிருந்து பார்ப்பவனுக்கு மேடும் கிரீனும் ஒட்டியிருப்பதாகத் தோன்றும். நடுவிலுள்ள முப்பது கஜம் கண்ணிலேயே படாது. 'இதோ இருக்கிறது' என்று சின்னக் கோலை எடுத்து அடிப்பான். பந்து பள்ளத்தில் விழுந்து சிரிக்கும். தூரத்தைக் கணிப்பது ஆட்டத்துக்கு வெளியே உள்ள சங்கதி அல்ல, ஆட்டத்தின் பாதி அதுதான் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

உள்ளூர்க்காரனுக்கோ அந்தப் பள்ளம் தெரியும். 1913-ல் பாஸ்டன் நகரத்துக்கு அருகிலுள்ள புரூக்லைனில் அமெரிக்க ஓபன் பந்தயம் நடந்தது. பிரிட்டனிலிருந்து ஹாரி வார்டன், டெட் ரே என்ற இரண்டு ஜாம்பவான்கள் வந்திருந்தார்கள். அவர்களை வென்றவன் பிரான்ஸிஸ் வீமெட் என்ற இருபது வயதுப் பையன். அந்த மைதானத்துக்கு எதிர் வீட்டிலேயே வளர்ந்தவன். சிறுவயதில் அங்கே காடியாக இருந்தவன். அவனுக்குக் காடியாக வந்த எடி லௌரிக்கு வயது பத்து! பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டு வந்த பிள்ளை. 'பந்தைப் பார்த்து அடி' என்பதற்கு மேல் அவன் பெரிய யோசனை எதுவும் சொல்லியிருக்க வேண்டியதில்லை. தூரமெல்லாம் வீமெட்டின் காலிலேயே இருந்தது.

1950-ல் பென் ஹோகன் என்பவரின் கதை இதைவிட உருக்கமானது. 1949 பிப்ரவரியில் டெக்ஸாஸ் ராஜ்யத்தில் அவருடைய மோட்டாரின் மேல் ஒரு பஸ் மோதியது. இனி அவர் நடப்பதே சந்தேகம் என்று நினைத்தார்கள். மறுவருஷம் ஜூன் மாதத்தில், கட்டுப்போட்ட கால்களுடன், பிலடெல்பியாவுக்கு அருகிலுள்ள மெரியான் மைதானத்தில் அமெரிக்க ஓபன் பந்தயத்தில் ஆடினார். கடைசி நாள் முப்பத்தாறு குழிகள். கடைசிக் குழிக்கு வரும்போது ஹோகனுக்குக் கால் நிற்கவில்லை. தூரத்திலிருந்த கிரீனைப் பார்த்தார், பையிலுள்ளவற்றில் அடிப்பதற்கே மிகக் கடினமான ஒன்றாம் நம்பர் இரும்புக் கோலை எடுத்தார், அடித்தார். பந்து கிரீனில் போய் நின்றது. மறுநாள் நடந்த தீர்வு ஆட்டத்தில் ஜயித்தார். பின்னாலிருந்து எடுத்த அந்த அடியின் புகைப்படம் இன்றும் கோல்ஃப் பிரியர்களின் வீட்டுச் சுவர்களில் தொங்குகிறது. அந்தப் படத்தில் தூரம் அளக்கும் கருவியும் இல்லை, கணக்குப் புத்தகமும் இல்லை.

*

கண்ணின் ராஜ்யம் எப்போது முடிந்தது? லேசர் கருவி வந்தபோது என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது முடிந்தது 1961-ல். அதுவும் வெறும் காலடிகளால்.

அந்த வருஷம் கலிபோர்னியாவில் பெப்பிள் பீச் என்ற கடலோர மைதானத்தில் அமெரிக்க அமெச்சூர் பந்தயம். ஜாக் நிக்லாஸ் என்ற இருபத்தொரு வயது வாலிபர் ஆட வந்திருந்தார். அவருடைய சிநேகிதர் டீன் பீமன் ஒரு யோசனை சொன்னார். பயிற்சி ஆட்டத்தின்போதே மைதானத்தில் அசையாத பொருள்களைக் குறித்துக்கொள். ஒரு மரம், ஒரு பாறை, ஒரு மணற்குழியின் விளிம்பு. அங்கிருந்து கிரீன் வரையில் நடந்து எண்ணி, ஒரு சீட்டில் எழுதிவைத்துக்கொள். பந்தயத்தன்று பந்து எங்கே விழுந்தாலும் பக்கத்துப் பாறையிலிருந்து கூட்டிக் கழித்துக்கொள்ளலாம். ஜீன் ஆண்ட்ரூஸ் என்ற இன்னோர் அமெச்சூர் அதற்கு முன்னாலேயே இப்படிக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தார். நிக்லாஸ் அப்படியே செய்தார், பந்தயத்தில் ஜயித்தார். அதன்பிறகு அவர் சீட்டில்லாமல் ஆடவில்லை. பெரிய பந்தயங்களில் பதினெட்டு முறை ஜயித்தவர் செய்வதை மற்றவர்கள் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பார்களா? யோசனை சொன்ன பீமனோ 1974-ல் அமெரிக்கத் தொழில்முறை ஆட்டக்காரர்களின் சங்கத்துக்கே தலைமை அதிகாரியாகி, இருபது வருஷம் நிர்வாகம் செய்தார்.

எழுபதுகளில் இந்தச் சீட்டு புத்தகமாயிற்று. ஜார்ஜ் லூகாஸ் என்ற முன்னாள் காடி மைதானம் மைதானமாகப் போய், அளவுச் சக்கரத்தை உருட்டி, ஒவ்வொரு குழிக்கும் படம் வரைந்து, எண்களைக் குறித்துப் புத்தகமாக விற்கத் தொடங்கினார். புல்லுக்குத் தண்ணீர் தெளிக்கும் குழாயின் மூடி ஒவ்வொன்றுக்கும் ஓர் எண்; மரம் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். பந்து போகவே கூடாத இடங்களிலிருந்தும் தூரத்தைக் குறித்திருப்பார். மனித சுபாவத்தை அறிந்தவர்!

இந்தப் புத்தகம் வந்ததால் ஓர் அநியாயமும் நடந்தது. வேண்டுமென்று யாரும் செய்யவில்லை, ஆனாலும் நடந்தது. அதைச் சொல்ல ஜார்ஜியா ராஜ்யத்து அகஸ்டா நகரத்துக்குப் போகவேண்டும்.

முன்பு சொன்ன மக்கென்ஸி, பாபி ஜோன்ஸ் என்ற மகா ஆட்டக்காரருடன் சேர்ந்து அங்கே ஒரு மைதானம் அமைத்தார். 1934-ல் 'மாஸ்டர்ஸ்' பந்தயம் அங்கே தொடங்கியது. அதைப் பார்க்க மக்கென்ஸி உயிரோடு இல்லை. இரண்டு மாதங்களுக்கு முன்னால் காலமாகிவிட்டார். அந்தப் பந்தயத்துக்கு ஒரு கட்டாயம் இருந்தது. யாராக இருந்தாலும் அந்த மைதானத்துக் காடியைத்தான் வைத்துக்கொள்ள வேண்டும். காடிகள் அனைவரும் அகஸ்டாவிலேயே வாழ்ந்த கறுப்பு இன மக்கள். அவர்களில் 'பாப்பி' ஸ்டோக்ஸ் என்பவர் நாலு வெவ்வேறு ஆட்டக்காரர்களுக்குப் பை சுமந்து ஐந்து தடவை வெற்றி தேடித் தந்தவர். கிரீனில் பந்து எந்தப் பக்கம் ஓடும், பன்னிரண்டாவது குழியில் மரங்களின் உச்சியில் அடிக்கும் காற்றை நம்பலாமா என்பதெல்லாம் அவர்களுக்குக் கைவந்த பாடம். அப்பனிடமிருந்து பிள்ளைக்கும் மூத்தவனிடமிருந்து இளையவனுக்கும் வந்த பாடம். எந்த ஏட்டிலும் இல்லாத பாடம். அந்தப் பாடத்தைக் கரைத்துக் குடித்தவர்கள் அங்கே அங்கத்தினராக முடியாது. கறுப்பு இனத்தவர் ஒருவர் மாஸ்டர்ஸில் ஆடியதே 1975-ல்தான். லீ எல்டர் என்பது அவர் பெயர். முதல் கறுப்பு அங்கத்தினரைச் சேர்த்துக்கொண்டது 1990-ல்.

1982-ல் மழையினால் ஆட்டம் தடைப்பட்டு மறுநாள் காலையில் தொடர்ந்தபோது, காடிகள் சிலர் நேரத்துக்கு வந்து சேரவில்லை. ஆட்டக்காரர்கள் முறையிட்டார்கள். 1983 முதல் அவரவர் தங்கள் சொந்தக் காடியை அழைத்து வரலாம் என்று விதி மாறியது. அநேகமாக எல்லாரும் அப்படியே அழைத்து வந்தார்கள். அரை நூற்றாண்டு வந்த பாரம்பரியம் ஒரே வருஷத்தில் கலைந்தது.

ஒரு நாள் காலையில் தாமதமாக வந்தது காரணமா? அது சாக்கு என்பது என் அபிப்பிராயம். உள்ளூர் மனிதருடைய தலையில் இருந்ததில் பாதியாவது புத்தகத்துக்கு வந்துவிட்டது. புத்தகத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஊர் ஊராக வரும் காடி போதும் என்ற தைரியம் அதனால்தான் வந்தது. தூரம் மனிதருக்குள் இருந்தவரையில் அந்த மனிதர் வேண்டியிருந்தார். காகிதத்துக்கு வந்ததும் வேண்டாமற்போனார். கருவியைப் பற்றி இன்று கூச்சல் போடுகிறவர்கள், புத்தகம் வந்தபோது வாய் திறக்கவில்லை. மரியாதையுள்ள காகிதம் அல்லவா? அது சத்தமில்லாமல் வேலையை முடித்துவிட்டது.

*

இனிக் கருவிக்கு வருவோம்.

1960 மே மாதத்தில், அதாவது நிக்லாஸ் பெப்பிள் பீச்சில் நடந்து எண்ணுவதற்கு ஒரு வருஷத்துக்கு முன்னால், அதே கலிபோர்னியாவில் தியோடர் மைமன் என்ற விஞ்ஞானி முதல் லேசர் கதிரை உண்டாக்கினார். அந்தக் கதிரைத் துடிப்புத் துடிப்பாக அனுப்பி, எதிரேயுள்ள பொருளில் பட்டுத் திரும்பி வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று கணித்தால் தூரம் தெரிந்துவிடும். ராணுவத்தார் முதலில் அதைப் பிடித்துக்கொண்டார்கள். 150 கஜம் போய்த் திரும்ப வெளிச்சத்துக்கு ஒரு வினாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்குகூடப் பிடிக்காது. அதை அளக்கும் கடிகாரமும் மலிந்து, தொண்ணூறுகளில் அந்தக் கருவி கோல்ஃப் பையில் வந்து உட்கார்ந்தது.

கோல்ஃப் விதிகளைப் பரிபாலிப்பவர்கள் இரண்டு சபையார். ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸில் இருப்பது ஒன்று. அமெரிக்காவில் இருப்பது ஒன்று. தூரத்தை அளக்கச் செயற்கைச் சாதனம் எதையும் கையாளக்கூடாது என்பது அவர்களுடைய பழைய விதி, மீறினால் விலக்கு. 2006 முதல், அந்தந்தப் பந்தயக் கமிட்டி விரும்பினால் அனுமதிக்கலாம் என்று ஒரு ஜன்னலைத் திறந்தார்கள். 2014-ல் அமெரிக்கச் சபை தன் அமெச்சூர் பந்தயங்களில் அனுமதித்தது. 2016-ல் முதல் தவற்றுக்கு விலக்கு என்பதைக் குறைத்து, அபராத அடிகள் என்று ஆக்கினார்கள். 2019-ல் விதிப்புத்தகத்தைப் புதுப்பித்தபோது எல்லாம் தலைகீழாயிற்று. அனுமதியே பொது விதி. கமிட்டி விரும்பினால் தடை செய்யலாம். 2021-ல் பெண்களின் தொழில்முறைப் பந்தயங்களில் கருவி வந்தது, கியாவாவிலும் வந்தது. மாஸ்டர்ஸ், அமெரிக்க ஓபன், பிரிட்டிஷ் ஓபன் ஆகிய மூன்று பெரிய பந்தயங்களும் 2025 வரையில் கதவைத் திறக்கவில்லை.

கருவிக்காக வாதாடுகிறவர்கள் முக்கியமாகச் சொல்வது நேரம். ஒரு சுற்று ஐந்து மணி நேரத்துக்கு இழுக்கிறது. காடிகள் தண்ணீர்க் குழாய் மூடியைத் தேடிக்கொண்டும் அடியெடுத்து எண்ணிக்கொண்டும் திரிகிறார்கள். கருவியிருந்தால் ஆட்டம் விறுவிறுப்பாகும் என்கிறார்கள். அமெரிக்கத் தொழில்முறைச் சங்கம் 2017-ல் தன் கீழ்ப்படிப் பந்தயங்கள் சிலவற்றில் பரீட்சை செய்தது. 2025-ல் ஏப்ரல், மே மாதங்களில் மேற்படிப் பந்தயங்களிலேயே பரீட்சை செய்தது.

இந்த வாதத்தில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. லேசர் சொல்வது கொடி வரையுள்ள தூரம். தொழில்முறை ஆட்டக்காரருக்கு அது போதாது. மணற்குழியைத் தாண்ட எத்தனை கஜம், கிரீனின் முன்விளிம்பு எத்தனை, பின்னால் எவ்வளவு இடம் இருக்கிறது என்பதெல்லாம் வேண்டும். ஆகவே கருவியைப் பார்த்த பிறகும் புத்தகத்தைத் திறப்பார். இரண்டும் ஒத்திருக்கிறதா என்று சரிபார்ப்பார். இரண்டு கடிகாரம் வைத்திருப்பவன் மணி பார்க்க அதிக நேரம் எடுத்துக்கொள்வதைப்போல்தான். பந்து திசை தப்பி, பக்கத்து ஆட்டப் பாதையில் போய் விழுந்தால் மட்டும் கருவி நிச்சயமாக நேரத்தை மிச்சப்படுத்தும்.

எதிர்க்கட்சியார் சொல்வது இன்னும் ஆழமானது. தூரத்தைக் கண்டறிவதும் திறமையில் சேர்ந்தது. நெருக்கடியான வேளையில் கூட்டிக் கழிப்பதில் தவறாமலிருப்பதும் காடியின் சாமர்த்தியம். நல்ல காடியையும் சுமாரான காடியையும் கருவி ஒன்றாக்கிவிடுகிறது என்கிறார்கள். இதில் நியாயம் இருக்கிறது. ஆனால் இவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். பயிற்சி நாளில் இதே ஆட்டக்காரர்கள் இதே லேசரைக் கையில் வைத்துக்கொண்டு மைதானம் முழுவதும் அளக்கிறார்கள். புத்தகத்திலுள்ள எண்களும் லேசரால் அளந்தவைதாம். புதன்கிழமை அளக்கலாம், வியாழக்கிழமை அளக்கக்கூடாது! ஹோட்டலில் சாப்பிடலாம், வீட்டுக்குள் பொட்டலம் கொண்டுவரக்கூடாது என்று சொன்ன நம்முடைய பழைய ஆசாரக்காரர்களின் ஞாபகம் வருகிறதல்லவா?

விதி இயற்றுகிறவர்களுக்கும் எங்கே கோடு கிழிப்பது என்பது சிக்கலாகத்தான் இருந்தது. 2018-ல் பௌதிகம் படித்த ஆட்டக்காரரான பிரைஸன் டிஷாம்போ, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் ஜியோமிதிப் பெட்டியில் இருக்கும் காம்பஸை எடுத்து, புத்தகத்தின் மேல் வட்டம் போட்டுக் குழியின் இடத்தைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். அது கூடாது என்று தீர்ப்பாயிற்று. கிரீனின் ஏற்ற இறக்கத்தையெல்லாம் அம்புக்குறி போட்டுக் காட்டும் வேறொரு புத்தகம் பிரபலமாகியிருந்தது. கியாவாவில் லேசரை அனுமதித்ததற்கு அடுத்த வருஷமே, 2022-ல், அமெரிக்கத் தொழில்முறைப் பந்தயங்களில் அந்தப் புத்தகத்தை ஒதுக்கினார்கள். கிரீனைக் கண்ணால் பார்த்தே அடிக்கவேண்டும் என்று ஆட்டக்காரர்களே விரும்பினார்களாம். ஒரு கதவைத் திறந்து, இன்னொரு கதவைச் சாத்தினார்கள். லேசரை அனுமதித்த இடங்களிலும் மேட்டையும் பள்ளத்தையும் காற்றையும் கணக்குப் பார்த்துச் சொல்லும் வசதிக்கு இடம் தரவில்லை.

பார்க்கப்போனால் இதுதான் விவேகமான வழி என்று எனக்குத் தோன்றுகிறது. தூரம் என்பது 1961-லேயே ரகசியமாக இருப்பதை விட்டுவிட்டது. ரகசியமில்லாத ஒன்றைப் பந்தயத்தன்று மட்டும் ரகசியமாகப் பாவிப்பது நாடகம். ஆகையால் கருவியை அனுமதிக்கலாம். நேரம் மிச்சமாகும் என்ற பொய்க் காரணத்துக்காக அல்ல, பாசாங்கு ஒழியும் என்பதற்காக. ஆனால் அந்த எண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பது மனிதனிடமே இருக்கவேண்டும். காற்று எவ்வளவு தள்ளும், ஈரப்புல்லில் பந்து எப்படிக் கிளம்பும், கை நடுங்கும்போது எந்தக் கோலை நம்பலாம் என்பதையும் ஒரு பெட்டி சொல்லிவிட்டால், பதக்கத்தைப் பெட்டிக்கே அணிவித்துவிடலாம்.

'இன்று தூரத்தைக் கொடுத்தாய். நாளைக்குக் காற்றைக் கொடுக்கமாட்டாயா?' என்று யாராவது கேட்டால் என்னிடம் உறுதியான பதில் இல்லை. மக்கென்ஸி இருந்தால், 'என் பள்ளத்தை விற்றுவிட்டாயே!' என்று என்னையே கோபிப்பார். அவரவர் காலத்தில் கோட்டை எங்கே கிழிப்பது என்று அவரவர்தான் யோசிக்கவேண்டியிருக்கிறது. கோடே வேண்டாம் என்று இருந்துவிடுவதுதான் தப்பு.

*

கடைசியாக அகஸ்டாவுக்கே ஒரு தடவை போய்விட்டு முடித்துவிடலாம்.

1983-ல் மற்றவர்கள் சொந்தக் காடிகளோடு வந்தபோது, உள்ளூர்க் காடியை விட மறுத்த சிலரில் பென் கிரென்ஷா ஒருவர். அவருடைய காடி கார்ல் ஜாக்ஸன். பதினாலு வயதில், 1961-ல், மாஸ்டர்ஸில் பை சுமக்கத் தொடங்கியவர். ஸ்டோக்ஸிடம் பாடம் கேட்டவர். இருவரும் சேர்ந்து 1984-ல் ஜயித்தார்கள்.

1995 ஏப்ரலில், பந்தயத்துக்குச் சில நாள் முன்பு, கிரென்ஷாவுக்குச் சிறுவயதிலிருந்து ஆட்டம் சொல்லிக்கொடுத்த ஹார்வி பெனிக் காலமாகிவிட்டார். கிரென்ஷா டெக்ஸாஸுக்குப் பறந்துபோய், குருவின் பெட்டியைத் தூக்கிச் சென்று அடக்கம் செய்துவிட்டு, பந்தயத்துக்குத் திரும்பினார். வயது நாற்பத்து மூன்று. அந்த வருஷம் ஆட்டமும் சரியாக இல்லை. அந்த வாரத்துப் பயிற்சியின்போது பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த ஜாக்ஸன் இரண்டு விஷயம் சொன்னார். பந்தைக் காலுக்கு நேராகச் சற்றுப் பின்னே தள்ளி வைத்துக்கொள். தோளை இன்னும் கொஞ்சம் இறுக்கித் திருப்பு. அவ்வளவுதான். நாலைந்து பந்து அடிப்பதற்குள் கிரென்ஷாவுக்குப் பழைய ஆட்டம் திரும்பிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ஜயித்தார்.

கடைசிப் பந்து குழியில் விழுந்ததும் அவர் குனிந்து, முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டு விம்மினார். ஜாக்ஸன் பின்னாலிருந்து குனிந்து அவரைத் தாங்கிக்கொண்டார். அந்தக் கிரீனிலிருந்து அடுத்த மரம் எத்தனை கஜம் என்பது அப்போதே எல்லாருடைய புத்தகத்திலும் இருந்தது. எந்த வேளையில், எந்த மனிதனிடம், எந்த இரண்டு வார்த்தையைச் சொல்லவேண்டும் என்பது ஜாக்ஸனிடம் மட்டும் இருந்தது.